சேக் மைதீன் குடிக்கவில்லை

தலைமை நாற்காலியை ஏற்று, இந்தக் கூட்டத்துக்குத் தம் பெயரையும் துணிவையும் ஒருங்கே தந்திருக்கும் டாக்டர் அமிர்தசாமி அவர்களே! மலைக்கோட்டைக் கடைவீதியில் பாதிக் கதவைச் சாத்திவிட்டு ஓடிவந்து நிற்கும் வணிகப் பெருமக்களே! பாலக்கரையிலிருந்தும் உறையூரிலிருந்தும் வரகனேரியிலிருந்தும் நடந்தே வந்திருக்கும் பட்டறைத் தோழர்களே! ஸ்ரீரங்கத்து வீதிகளிலிருந்து, இந்தச் சௌரிராஜன் என்னதான் உளறப் போகிறான் என்று பார்த்துப் போக வந்திருக்கும் பெரியோர்களே! எல்லாருக்கும் மேலாக, முன்வரிசையில் வெறுந்தரையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! ஆடி மாதத்து இந்த மாலை வெயிலில் காத்திருந்த உங்கள் அனைவருக்கும் என் கரங்கள் குவிகின்றன.

மேடை எனக்குப் பழக்கமில்லை. பதினான்கு வருஷமாக நான் பேனாவோடு மட்டும் பேசியவன். பாலக்கரை மோட்டார் பாடி ஷெட்டில், நுழைந்தவுடன் இடப்பக்கம் ஒரு மேஜை கிடக்குமே, அதற்குப் பின்னால் மூக்குக்கண்ணாடியோடு குனிந்து கிடந்த குமாஸ்தா நான்தான். இந்த ஊரில் கார் வைத்திருக்கும் கனவான்களில் பாதிப் பேருக்கு என் கையெழுத்து தெரியும். என் முகம் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இருந்ததில்லை.

சௌரி, கொஞ்சம் நிதானமாகப் பேசு, அழகாகப் பேசு என்று மேடைக்கு ஏறும்போது நண்பர்கள் சொல்லி அனுப்பினார்கள். நிதானமா? அழகா? அழகாக எழுதித்தானே ஐயா இந்த அநியாயத்துக்கு நான் கைகொடுத்தேன். நிதானமாக எழுதித்தானே ஒரு மனிதனின் மானத்தை நாலே வரியில் புதைத்தேன். இன்று என் நெஞ்சில் நெருப்பு இருக்கிறது. அது முதலில் சுட வேண்டியவன் யார் என்பதும் எனக்குத் தெரியும். அவன் இங்கே, உங்கள் முன்னால், இந்த மேடையில் நிற்கிறான்.

என்ன அண்ணே? பின்னால் கேட்கவில்லையா? சரி, இன்னும் உரக்கப் பேசுகிறேன். இத்தனை நாள் கேட்காமல் பேசியது போதும்.

அந்த ஷெட்டில் என்ன வேலை நடக்கிறது என்று தெரியாதவர்கள் இங்கே இருக்கிறார்கள். சொல்கிறேன். வெயிலில் நின்று, மழையில் நனைந்து, நாலைந்து வருஷத்தில் ஒரு கார் வெளுத்துப் போகிறது. பெயின்ட் பொரிந்து பொரிந்து உதிர்கிறது. அதை எங்களிடம் கொண்டுவந்து விடுவார்கள். பழைய பூச்சை உப்புத்தாளால் தேய்த்து இரும்பு தெரியும்வரை எடுப்போம். அதன்மேல் ஈயம் கலந்த சிவப்பு அடிப்பூச்சு. பள்ளம் மேட்டைச் சமமாக்கப் பட்டிப் பசை. மறுபடி தேய்ப்பு. அதன்பிறகு கறுப்போ, கரும்பச்சையோ, பூச்சின்மேல் பூச்சாக ஏழு பூச்சு. கடைசியில் மெழுகு போட்டுத் துணியால் துடைத்தால், மீசையை முறுக்கிக்கொள்ளக் கண்ணாடி வேண்டாம், காரின் கதவே போதும். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்துக்கு எதிரே வரிசையாக வந்து நின்ற கார்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பாதி எங்கள் ஷெட்டில் மெருகேறியவை.

"வெயிலுக்கும் வணங்காது, மழைக்கும் மங்காது, ஐந்தாண்டு அசையாத மெருகு." பஸ் நிற்கும் இடமெல்லாம் ஒட்டியிருந்ததே அந்த நோட்டீஸ், நினைவிருக்கிறதா? அதை எழுதியவன் நான். எதுகை பார்த்து, மோனை பார்த்து, ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். வெட்கமாயிருக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன் காற்றடிக்கும் இயந்திரம் வந்தது. அதோடு ஒரு குழாய், குழாயின் முனையில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. விசையை அழுத்தினால் பெயின்ட் பனியாகப் பறந்து போய்க் காரின்மேல் படியும். தூரிகையால் ஒரு மாதம் இழுத்த வேலை ஒரு வாரத்தில் முடிந்தது. வந்ததே, நல்லதுதான். இயந்திரத்தின்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

ஆனால் ஈரப் பூச்சுக்கு ஒரு சத்துரு உண்டு. தூசி. ஒரு துகள் விழுந்தால் ஒரு புள்ளி. ஒரு புள்ளி விழுந்தால் ஐந்தாண்டு மெருகு என்று சொல்லிக்கொள்ள முடியாது. எங்கள் ஷெட்டோ ரஸ்தாவை ஒட்டியிருக்கிறது. மாட்டுவண்டி போனால் புழுதி, பஸ் போனால் புழுதி. முதலாளி என்ன செய்தார்? ஐந்து சன்னலுக்கும் பலகை வைத்து ஆணி அடித்தார். கதவிடுக்கில் ஈரச் சாக்கைத் திணித்தார். தூசி உள்ளே வர வழியில்லை. மிகவும் சரி. உள்ளே பறக்கிற விஷப் பனி வெளியே போக வழி எங்கே? அதைக் கேட்டவர் யார்? பூச்சுக்குக் காவல் வைத்தார்களே, மூச்சுக்குக் காவல் வைத்தார்களா? இரும்புத் தகட்டின்மேல் ஒரு துகள் படக் கூடாது என்று இத்தனை பதைத்தவர்கள், இருபத்தாறு பேரின் நெஞ்சுக்குள் என்ன படிகிறது என்று ஒரே ஒரு நாள் எட்டிப் பார்த்தார்களா?

இன்னொன்றும் செய்தார்கள். முன்பெல்லாம் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பார்கள், தூள் பறக்காது. தண்ணீர் காய ஒரு நாள் ஆகிறது, அந்த நாள் வீண், இனிமேல் உலர்வாகவே தேயுங்கள் என்று உத்தரவு வந்தது. அந்த உத்தரவைப் பலகையில் எழுதி மாட்டியவனும் நான்தான்.

அந்தப் பூட்டிய அறைக்குள் துப்பாக்கி பிடித்தவர் சேக் மைதீன். அதோ, டாக்டர் ஐயாவுக்கு நேர் எதிரே, மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவரை மேடைக்கு ஏற்றி, கையைத் தூக்கிக் காட்டச் சொல்லலாம், ஜனங்கள் கொதிப்பார்கள் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். நான் மறுத்துவிட்டேன். வேடிக்கை காட்டுவதற்கு அவர் பொருட்காட்சிப் பொம்மை அல்ல. இந்த ஜில்லாவிலேயே அவருக்கு இணையான கைக்காரர் கிடையாது. கார் காய்ந்ததும் எல்லாரும் கண்ணால் பார்ப்பார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு புறங்கையால் தடவுவார். எங்கே ஒரு மயிரிழை மேடு இருந்தாலும் அந்த இடத்தில் கை நிற்கும். ஒரு வார்த்தை பேசாமல் அந்த இடத்தை மறுபடி தேய்க்கச் சொல்லிச் சைகை காட்டுவார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

போன வருஷம் தையிலிருந்தே அவருக்கு வயிற்றுவலி. சுருட்டிப் பிடிக்கும், அப்படியே சுவரோரம் குந்திவிடுவார். முகம் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்தது. முதலாளியிடம் சொன்னார். சூட்டு வலி, மோர் குடி என்று பதில் வந்தது. மோர் குடித்துக்கொண்டே வேலை செய்தார்.

இந்த ஆனி மாதம் லால்குடிப் பக்கத்து மிராசுதார் ஒருவரின் பெரிய கார் வந்தது. வீட்டில் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார்தான். ஆறு பூச்சு முடிந்து ஏழாவது பூச்சு. காலை பத்து மணி இருக்கும். நான் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்க உள்ளே போயிருந்தேன். ஆகையால் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். சேக் மைதீன் துப்பாக்கியைத் தூக்கினார். அவர் மணிக்கட்டு மடங்கியது. கொடியில் போட்ட ஈரத்துணி மாதிரி கை தொங்கியது. துப்பாக்கி நழுவி மட்கார்டின்மேல் விழுந்து, ஒரு சாண் நீளத்துக்குக் கீறிக்கொண்டே தரைக்கு வந்தது.

அவர் கீறலைப் பார்க்கவில்லை. தம் கையைப் பார்த்தார். வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தார். இடது கையால் அதைப் பிடித்துத் தூக்கினார். விட்டார். மறுபடி தொங்கியது.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். கீறலைப் பார்த்தார். "காலங்காத்தாலயே ஏத்திக்கிட்டு வந்திருக்கியா?" என்றார்.

"முதலாளி, கை கேக்கலீங்க," என்றார் சேக் மைதீன். அவ்வளவுதான் சொன்னார்.

அரைமணி நேரத்தில் முதலாளி என் மேஜைக்கு வந்தார். மிராசுதாரிடம் ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். நோய் என்று சொன்னால் என்ன நோய் என்று கேட்பார்கள். எதனால் வந்தது என்று கேட்பார்கள். குடி என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் இந்த உலகத்தில் எவனும் எதையும் கேட்பதில்லை. முதலாளி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "சேக் மைதீன் என்பவர் குடிபோதையில் வேலைக்கு வந்து வாடிக்கையாளரின் காருக்குச் சேதம் விளைவித்தபடியால் இன்று முதல் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார்." எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தேன். அந்த வாக்கியத்திலேயே பெரிய பிழை எது என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரிந்தது. பார்க்கவில்லை.

குடித்தாரா? ஐந்து வேளையும் தொழுகிற மனிதர் குடித்தாரா? கள்ளுக்கடை இருக்கிற தெருவைச் சுற்றிக்கொண்டு போகிற மனிதர் குடித்தாரா? அவர் வாய்க்கு மூன்று அடி தூரத்தில் நான் நின்றிருந்தேன். என் மூக்குக்கு என்ன கேடு? என் நாக்குக்கு என்ன பூட்டு? சொல்லுங்கள், என் பேனாவுக்கு என்ன பஞ்சம்?

அவர் அந்தக் காகிதத்தை இடது கையால் வாங்கி, நின்ற இடத்திலேயே படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும். சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கடிதத்தின் நகல் இந்த ஊரிலுள்ள மற்ற இரண்டு மோட்டார் ஷெட்டுக்கும் போயிற்று. ஷெட்டிலிருந்து தெருவுக்கு. தெருவிலிருந்து டீக்கடைக்கு. பாய், எந்தக் கடையில் ஊற்றிக்கொண்டீர் என்று ஒருவன் கேட்டானாம். பள்ளிவாசல் வரிசையில் பக்கத்திலிருந்தவர் கொஞ்சம் தள்ளி நின்றாராம். கை போன மனிதருக்கு அந்தத் தள்ளி நின்றதுதான் வலித்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எட்டாம் நாள் ஷெட் வாசலில் ஓர் அம்மாள் வந்து நின்றார். முக்காடு போட்டிருந்தார். கையில் அந்தக் காகிதம். அவர் ஷரீபா, சேக் மைதீனின் மனைவி. எனக்கு அன்றைக்குத்தான் அவரைத் தெரியும். அவருக்கு எழுத்து தெரியாது. கணவர் பெட்டியடியில் எதையோ ஒளித்து வைத்திருக்கிறார், கேட்டால் சொல்ல மறுக்கிறார், தெருவில் யாரைக் கேட்கவும் கூச்சமாயிருக்கிறது, ஷெட்டுக் காகிதம் போலத் தெரிகிறது, படித்துச் சொல்ல வேண்டும் என்றார்.

படித்தேன். என் எழுத்தை, என் குரலில், அந்த அம்மாளின் முகத்துக்கு நேராகப் படித்தேன். பெரியோர்களே, எத்தனையோ பாவத்துக்கு எத்தனையோ பிராயச்சித்தம் சொல்லியிருக்கிறது. இப்படி ஒன்றை எந்தப் பெரியவரும் விதித்ததாக நான் கேட்டதில்லை. வாசலில் வெயில் கொளுத்தியது. நடுவில் ஒரு சொல்லில் என் குரல் நின்றது. எந்தச் சொல் என்று உங்களுக்குத் தெரியும்.

"இத எழுதினது யாருங்க?" என்று கேட்டார்.

"நான்தாம்மா."

"அவரு குடிச்சிருந்தத நீங்க பாத்தீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப அதையும் எழுதிக் குடுங்க ஐயா."

இவ்வளவுதான். கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை, அழக்கூட இல்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றார். நான் என்ன செய்தேன்? நாளைக்கு வாங்கம்மா என்றேன். கேட்டீர்களா? ஒரு பொய்யை எழுத எனக்கு அரை நிமிஷம் போதுமாயிருந்தது. ஓர் உண்மையை எழுத நாளைக்கு வரச் சொன்னேன்.

யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் என்னைப் பார்த்து அப்படித்தான் சிரித்தேன், சாயங்காலம் காவேரிப் பாலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது.

வீட்டில் என் மனைவி வேதவதி என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டாள். சொன்னேன். உத்தியோகம், குடும்பம், முதலாளியின் குணம் என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க எழுதினதுதானே? அதை நீங்கதானே திருத்தி எழுதணும்," என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் முதலாளியின் அறைக்குப் போனேன். அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடலாம், உடம்பு சரியில்லாததால் என்று மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று கெஞ்சினேன். ஆம், கெஞ்சினேன். அவர் கோபப்படவில்லை. என்னை உட்காரச் சொன்னார். "சௌரி, நாம விக்கிறது பளபளப்பு. அதுல வியாதின்னு ஒரு பேச்சு ஒட்டிச்சுன்னா எவன்யா காரைக் கொண்டாந்து விடுவான்?" என்றார்.

பார்த்தீர்களா, அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரியாமல் செய்த பிழை அல்ல இது. தெரிந்து, அளந்து, ஆணி அடித்துச் செய்தது.

அப்போதாவது நான் எழுந்து வெளியேறினேனா? இல்லை. மேஜைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். பொய் சொல்லி உங்களிடம் கைத்தட்டு வாங்க நான் வரவில்லை.

ஆனால் ஷரீபா அம்மாள் எனக்காகக் காத்திருக்கவில்லை. கணவரை அழைத்துக்கொண்டு டாக்டர் அமிர்தசாமியிடம் போய்விட்டார். டாக்டர் கையைப் பார்ப்பதற்கு முன் வாயைத் திறக்கச் சொன்னாராம். கீழுதட்டை மடக்கிப் பார்த்தால், பல் ஈறை ஒட்டி மையால் கோடு இழுத்த மாதிரி நீலக் கறுப்பில் ஒரு வரி. என்ன வேலை என்று கேட்டார். காருக்குப் பெயின்ட் என்றார்கள். ஈயம், என்றார் டாக்டர். மூச்சு வழியே போய் இரத்தத்தில் கலந்து, வயிற்றைச் சுருட்டி, கைநரம்பை வீழ்த்துகிற ஈயம். சட்டப் புத்தகத்திலேயே இந்த நோய்க்குப் பெயர் இருக்கிறது, தொழிலால் வருகிற நோய் என்று அச்சிட்டே இருக்கிறது என்றார்.

அதோடு அவர் நிற்கவில்லை. மறுநாள் ஷெட்டுக்கே வந்தார். முதலாளி உள்ளே விடவில்லை. விடாவிட்டால் போகட்டும் என்று எதிர்ப்புறம் புளியமரத்தடியில் நின்றார். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் ஒவ்வொருவராகப் போனோம். இருபத்தாறு பேரில் ஒன்பது பேருக்கு அந்த நீல வரி இருந்தது. நானும் போய் நின்றேன். என் உதட்டையும் மடக்கிப் பார்த்தார். எனக்கு இல்லை. ஏன் தெரியுமா? என் மேஜை வாசலோரம் இருந்தது. எனக்குக் காற்று வந்துகொண்டிருந்தது. வரியில்லாத ஈறோடு, வெள்ளை வேட்டியோடு, அந்த ஒன்பது பேருக்கு நடுவே நின்றேன் ஐயா நான்.

அந்த ஒன்பது பேரில் முதலாவது மாரியாயி. தேய்ப்பு வேலைக்காரி. தாய்மார்கள் பக்கத்தில், பச்சைச் சேலை, அவர்தான். ஆறு வருஷமாகப் பழைய பூச்சைத் தேய்க்கிறவர். அவர் சொல்லச் சொன்னதால் இதைச் சொல்கிறேன், இல்லாவிட்டால் சொல்ல எனக்கு உரிமை இல்லை. உலர்வாகத் தேய்க்கச் சொன்ன இந்த மூன்று வருஷத்தில் இரண்டு கரு அவர் வயிற்றில் தங்கவில்லை. கோயிலுக்கெல்லாம் நேர்ந்துகொண்டார். மாமியார் ஜாதகத்தைக் குறை சொன்னார். ஈயத்தூள் இப்படியும் செய்யும் என்று டாக்டர் மெதுவாக எடுத்துச் சொன்னபோது, மாரியாயி அந்த மரத்தடியில் கொஞ்ச நேரம் தம் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தாய்மார்களே, இதற்கு என்ன பதில்? ஐந்தாண்டு மெருகுக்கு ஆசைப்பட்டவர்கள், பிறக்காத அந்த இரண்டு பிள்ளைக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

மறுநாள் காலை. தஞ்சாவூர்க் கனவான் ஒருவரின் கார், ஏழாவது பூச்சு போட்டு முடித்து அரைமணி ஆகியிருந்தது. கையால் தொட்டால் ஒட்டும் ஈரம். மாரியாயி டயர் கழற்றுகிற கடப்பாறையை எடுத்தார். நேரே மேற்குப் பக்கச் சன்னலுக்குப் போனார். ஆணியோடு பலகையைப் பெயர்த்தார். அடுத்த சன்னல். அதற்கடுத்தது. ஆடிக் காற்று எப்படி இருக்கும் என்று இந்த ஊருக்கு நான் சொல்ல வேண்டுமா? ரஸ்தாப் புழுதியை அள்ளிக்கொண்டு ஒரே வீச்சாக உள்ளே வந்தது. கறுப்புக் கார் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செம்மண் நிறமாக மாறியது.

முதலாளி ஓடிவந்தார். என்ன காரியம் செய்தாய் என்று அவர் வாய் குழறியது. மாரியாயி கடப்பாறையைக் கீழே வைத்தார். "காருல தூசி படிஞ்சா மறுபடியும் தேச்சுக்கலாங்க. சேக் மைதீன் பாய் நெஞ்சை எதால தேய்ப்பீங்க?" என்றார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். இந்தக் கலகத்தில் சேர்ந்தவர்கள் பெயரையெல்லாம் எழுதுய்யா என்றார். காகிதத்தை எடுத்தேன். பேனாவை மையில் தோய்த்தேன். முதல் பெயராக என் பெயரை எழுதினேன். தகப்பனார் பெயர், வீதிப் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் எழுதி அவர் கையில் கொடுத்தேன். இரண்டாவது பெயர் எழுதவில்லை.

கைத்தட்ட வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். இருபது நாள் தாமதமாக வந்த மனிதனுக்குக் கைத்தட்டு எதற்கு? தட்டத்தான் வேண்டுமென்றால் கடப்பாறை எடுத்த கைக்குத் தட்டுங்கள்.

அன்று மத்தியானமே ஷெட்டுக்குப் பூட்டு விழுந்தது. இன்றோடு பதினோரு நாள். இருபத்தாறு பேரும் வெளியே. இன்று மூன்று மணிக்கு முதலாளியின் ஆள் ஒருவர் சமாதானம் சொல்லி வந்தார். சன்னலைத் திறந்தே வைப்பாராம். புகையை வெளியே இழுக்கிற காற்றாடி ஒன்று மாட்டுவாராம். தண்ணீர் தொட்டுத் தேய்க்கலாமாம். எல்லாரும் நாளைக்கே திரும்பலாமாம். ஆனால் இரண்டு நிபந்தனை. மாரியாயிக்கு வேலை கிடையாது. சேக் மைதீனுக்குக் கொடுத்த கடிதம் கொடுத்தபடியே இருக்கும்.

அதோ, ஒரு பெரியவர் கேட்கிறார். காற்று கிடைத்துவிட்டதே அப்பா, ஒரே ஒரு சொல்லுக்காக இருபத்தைந்து குடும்பத்தைத் தெருவில் நிறுத்தலாமா என்கிறார். நியாயமான கேள்வி. அதே கேள்வியை நாங்கள் இன்று நாலு மணிக்கு அந்தப் புளியமரத்தடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டோம். பேசாமல் ஒப்புக்கொள்ளலாம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். வீட்டில் உலை வைக்காதவர்கள் அவர்கள், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சேக் மைதீனே எழுந்து, எனக்காக நிற்காதீங்க, எல்லாரும் வேலைக்குப் போங்க என்றார்.

அப்போது ஷரீபா அம்மாள் சொன்னதுதான் எங்களை நிறுத்தியது. இவர் குடித்ததனால்தான் கை விழுந்தது என்று காகிதத்தில் இருக்கிறவரை, அடுத்தவருக்குக் கை விழுந்தாலும் குடிகாரன் என்றுதானே எழுதுவார்கள், என்றார்.

எழுத்து தெரியாத அம்மாள். பெரியவரே, பதினான்கு வருஷம் எழுதிக் கிழித்த எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருந்தது. அது ஒரு சொல் அல்ல. அந்தச் சொல் இருக்கிறவரை ஈயம் குற்றவாளி இல்லை. அந்தச் சொல் இருக்கிறவரை ஆணி குற்றவாளி இல்லை. அந்தச் சொல் இருக்கிறவரை இன்று திறக்கிற சன்னலை நாளை மறுநாள் சாத்தலாம். கேட்க ஆளிருக்காது. கேட்டவன் வாயில் சாராய நாற்றம் என்று எழுதிவிட்டால் போதும். ஒப்புக்கொள்வோமா? மானத்தைக் கொடுத்து மூச்சை வாங்குவோமா? எங்களுக்கு இரண்டும் வேண்டும். சன்னலும் வேண்டும், அந்தக் கடிதத்தின் சாவும் வேண்டும், கடப்பாறை எடுத்த மாரியாயி முதல் ஆளாக உள்ளே நுழையவும் வேண்டும். இருபத்தாறு பேரும் கைதூக்கி முடிவு செய்துவிட்டோம். சேக் மைதீனின் தூக்க முடியாத கையையும் ஷரீபா அம்மாள் தூக்கிப் பிடித்தார்.

கார் வைத்திருக்கும் கனவான்களே, நீங்களும் சிலர் ஓரமாக நிற்கிறீர்கள், பார்க்கிறேன். நீங்கள் எங்களுக்கு விரோதிகள் அல்ல. உங்கள் கார் பளபளக்கட்டும். பத்து வருஷம் பளபளக்கட்டும், அதைப் பளபளக்க வைக்கிற கைதான் எங்கள் கை. ஆனால் அடுத்த தரம் காரை விடும்போது, எத்தனை பூச்சு என்று கேட்கிற வாயால், எத்தனை சன்னல் திறந்திருக்கிறது என்றும் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை நீங்கள் கேட்டால், நாங்கள் பதினோரு நாள் கத்தியதைவிட அது உரக்கக் கேட்கும். கேட்பீர்களா? அந்தச் சிறு உபகாரம் செய்வீர்களா?

நாளைக் காலை பத்து மணிக்கு பாக்டரி இன்ஸ்பெக்டர் ஷெட்டுக்கு விசாரணைக்கு வருகிறார். டாக்டர் தம் பரிசோதனைக் குறிப்போடு வருவார். நான் சாட்சி. முதலாளிக்காக ஒரு வக்கீல் வருகிறாராம், கெட்டிக்காரர் என்கிறார்கள். என்னை என்ன கேட்பார் என்று எனக்கு இப்போதே தெரியும். இந்தக் கடிதம் உன் கையெழுத்துதானே, அன்று எழுதியது பொய்யா, இன்று சொல்வது பொய்யா, இரண்டில் ஒன்றை ஒப்புக்கொள், பொய்யனின் சாட்சியை யார் ஏற்பார்கள் என்பார். மடக்கிவிட்டதாக நினைத்துச் சிரிப்பார்.

அவருக்குச் சொல்லப் போகிற பதிலை உங்கள் முன் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன், நாளைக்கு என் நாக்கு பின்வாங்காமல் இருக்க நீங்கள் எல்லாரும் சாட்சி. அன்று எழுதியது பொய். தெரிந்தே எழுதிய பொய். உத்தியோகத்துக்குப் பயந்து எழுதிய பொய். பொய்யன் என்ற பட்டத்தை எனக்குச் சூட்டுங்கள், வாழ்நாள் முழுக்கச் சுமக்கிறேன், ஏனென்றால் அது எனக்கு உரியது. குடிகாரன் என்ற பட்டத்தை அந்த மனிதரிடமிருந்து எடுத்துவிடுங்கள், ஏனென்றால் அது அவருக்கு உரியதல்ல. சேக் மைதீன் குடிக்கவில்லை. இதை நான் தமிழில் சொல்கிறேன், இங்கிலீஷில் எழுதித் தருகிறேன், நிறுத்தி நிறுத்தி ஆயிரம் தரம் சொல்கிறேன். சேக் மைதீன் குடிக்கவில்லை.

சேக் மைதீன் அவர்களே, இந்த மேடையிலிருந்து உங்களிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. இத்தனை பேர் முன்னால் கேட்டால், மறுக்க உங்களுக்கு இடமில்லாமல் போய்விடும். உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து தனியாகக் கேட்கிறேன். மறுத்தாலும் சரி, நாளைக்கு நான் சொல்வதில் ஓர் எழுத்து மாறாது.

என் தடுமாற்றத்தைப் பொறுத்துக்கொண்ட தலைவர் அவர்களுக்கும், வெயிலையும் புழுதியையும் பொருட்படுத்தாமல் கடைசிவரை இருந்த உங்களுக்கும், பேசத் தெரியாதவனைப் பேச வைத்த ஷரீபா அம்மாளுக்கும் மாரியாயிக்கும் என் நன்றி. நாளை பத்து மணி, பாலக்கரை, ஷெட் வாசல். வருகிறவர்களுக்கு அங்கே என் வணக்கம். வர முடியாதவர்களுக்கு இங்கேயே என் வணக்கம்.